பள்ளிக்குப் பங்காளி தேடியவர்

விடிந்தும் விடியாத வேளையிலே செவ்வாப்பேட்டை ரோடு ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். இந்தப் பக்கத்து மேடையிலே அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் ஆலை வேலைக்குச் செல்லும் தோழர்கள் முண்டியடித்து ஏறுவார்கள். அந்தப் பக்கத்து மேடையிலே இரவு ஷிப்டு முடித்தவர்கள் எரியும் கண்களோடு இறங்குவார்கள். இறங்கிய தோழன் வீடு சேர்ந்து தலை சாய்க்கும் நேரத்தில் பிள்ளை பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும். அல்லது வயிற்றுவலி என்று பாயிலே சுருண்டு கிடக்கும். ஏறிப்போன தோழனோ இரவு எட்டு மணிக்கு மேல் திரும்பி வந்து, உறங்கும் பிள்ளையின் முகத்தை விளக்கு வெளிச்சத்திலே பார்க்கிறான். இந்த மாதம் உன் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போனது என்று கேளுங்கள். இருவருமே மனைவியைக் கைகாட்டுவார்கள். அவளோ காக்களூர் தொழிற்பேட்டையிலே காலை எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவள்!

இந்தக் காட்சியைக் கண்டு தீர்ப்பு வழங்கும் மேதாவிகளுக்கு நாட்டிலே பஞ்சமில்லை. ஏழைப் பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை; அக்கறை இருந்தால் அனுப்ப மாட்டார்களா; ஆகவே குற்றம் பெற்றோருடையது — இதுதான் அந்தத் தீர்ப்பு. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுதப்படும் தீர்ப்பு. நூறு ஆண்டுக்கு மேலாக இதே தீர்ப்பைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மை மட்டும் புதிது.

இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்தவர் ஒருவர் உண்டு. மேடை ஏறி அல்ல, கோப்பிலே கையெழுத்திட்டு. அந்த மேல்முறையீட்டை அவர் நடத்திக் காட்டிய இடம் வேறெங்கோ அல்ல. செவ்வாப்பேட்டையிலிருந்து மேற்கே போகும் அதே ரயிலில் புட்லூர், திருவள்ளூர், ஏகாட்டூர் தாண்டினால் நாலாவது நிலையம் — கடம்பத்தூர். ஆண்டு 1958. மனிதர் நெ.து. சுந்தரவடிவேலு.

இளைய தோழர்களில் பலருக்கு இந்தப் பெயர் ஒரு தெருப்பெயர் போலத்தான் காதில் விழும். ஆகவே கொஞ்சம் விரித்தே சொல்லுகிறோம்.

1912 ஆம் ஆண்டு அக்டோபர் 12 ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்ற சிற்றூரிலே பிறந்தார். பெயருக்கு முன்னே நிற்கும் நெ. அந்த ஊர், து. தந்தையார் துரைசாமி. அந்நாளில் நெய்யாடுபாக்கமும் செவ்வாப்பேட்டையும் ஒரே செங்கற்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997 இலேதான். அந்த வகையிலே நம் மாவட்டத்துக்காரர் என்று உரிமை கொண்டாடினால் எவரும் மறுக்க முடியாது. உழவுக் குடும்பம், செம்மண் புழுதி, ஊர்ப் பள்ளி — பிறகு காஞ்சி, அதற்கப்பால் சென்னை மாநிலக் கல்லூரி. கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது. படித்து முடித்தவுடன் ஊரை மறந்தவர்கள் அவர்களிலே அதிகம். இவர் மறக்கவில்லை.

காரணம் உண்டு. பெரியாரின் சுயமரியாதை இயக்கம் இளமையிலேயே அவரைப் பற்றிக்கொண்டது. அரசாங்க வேலைக்கு வந்த பின்பும் அந்தப் பற்றை அவர் பெட்டியிலே பூட்டி வைக்கவில்லை. 1940 இலே அவர் மணந்துகொண்ட காந்தம் அம்மையார், குத்தூசி குருசாமியின் துணைவியார் குஞ்சிதம் அம்மையாரின் தங்கை. சாதியை ஒதுக்கிவைத்த மணம். வெள்ளைக்காரன் ஆட்சியிலே சம்பளம் வாங்கிக்கொண்டு, அலுவலகம் முழுக்கப் பூணூலும் பட்டையும் நிறைந்திருந்த காலத்திலே, இப்படி மணம் செய்துகொள்வது விளையாட்டல்ல. இன்று மணமேடையிலே மாலை மாற்றிக்கொண்டு படம் பிடித்துக்கொள்ளும் நமக்கு அதன் எடை தெரியாது.

முதலில் ஊராட்சித் துறை, பிறகு கல்வித் துறை. மாவட்டக் கல்வி அலுவலராக ஊர் ஊராகச் சுற்றினார். இந்தச் சுற்றலை நாம் சிறிதாக எண்ணவில்லை. பள்ளிக்கூடத்தை அறிக்கையிலே பார்ப்பவன் கூரையைக் காண்பான். நேரிலே பார்ப்பவன்தான் கூரையின் ஓட்டையைக் காண்பான்.

இனி, அவர் கையில் வந்து சேர்ந்த கதையின் முன்கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டுச் சொன்னால் வேரை விட்டுவிட்டுக் கிளையை வருணித்த குற்றம் வரும்.

பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் என்ன செய்வது? இங்கிலாந்து ஒரு வழி கண்டது. 1870 இலே தொடக்கக் கல்விச் சட்டம். 1880 இலே பள்ளிக்குப் போவது கட்டாயம். வராத பிள்ளையைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வரும் அலுவலர்; அனுப்பாத தந்தைக்கு அபராதம். அபராதம் கட்டியவர்கள் யார்? இலண்டனிலும் லங்காஷயரிலும் ஆலைத் தொழிலாளி, சுமை தூக்குபவன், துணி வெளுக்கும் கைம்பெண். பசித்த பிள்ளையின் காதிலே பாடம் ஏறாது என்று கண்டறிந்து, பள்ளியிலே உணவளிக்க உள்ளாட்சிகளுக்கு உரிமை தரும் சட்டம் அங்கே வந்தது 1906 இலே. கட்டாயம் பிறந்து இருபத்தாறு ஆண்டு கழித்துத்தான் கவளம் பிறந்தது!

சென்னையிலே அந்த வரிசை இல்லை. 1920 இலே தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதே ஆண்டிலே சென்னை மாநகராட்சியிலே பகலுணவும் வந்தது. மாநகராட்சித் தலைவர் நாற்காலியிலே நீதிக்கட்சியின் தூண்களில் ஒருவரான வெள்ளுடை வேந்தர் பிட்டி தியாகராயர் வீற்றிருந்தார். ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே பிள்ளைகள் குறைந்துகொண்டே போவதற்கு வறுமையே காரணம் என்று மன்றம் ஒப்புக்கொண்டது. பெற்றோரின் அலட்சியம் என்று எழுதவில்லை, தோழர்களே, வறுமை என்று எழுதியது! ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகள் சேர்ந்தன. அந்தப் பள்ளிகளிலே 1922–23 இல் 811 பிள்ளைகள்; 1924–25 இல் 1,671. பெற்றோர் மாறினார்களா? அதே சேரி, அதே சந்து, அதே தாய், அதே தந்தை. மாறியது பகல் வேளை ஒன்றுதான். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக்கூடாது என்று வெள்ளை அரசாங்கம் தடை போட்டது. 1925 ஏப்ரலோடு திட்டம் நின்றது. அதே மாதத்திலே தியாகராயரும் கண்மூடினார்.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு முறியும் இடம் காலை அல்ல, நண்பகல். காலையிலே பிள்ளையை எழுப்பி, இருப்பதைக் கொடுத்து, எப்படியோ அனுப்பிவிடுகிறாள் தாய். மணி பன்னிரண்டரை. பிள்ளை வீட்டுக்கு ஓடி வருகிறது. வீடு பூட்டியிருக்கிறது, தாய் வயலிலே அல்லது சூளையிலே. பானையில் ஒன்றுமில்லை. பிள்ளை தாயைத் தேடிப் போகிறது. போன பிள்ளையிடம் தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொள் என்று இடுப்புக் குழந்தையை இறக்கி வைக்கிறாள். பிற்பகல் பள்ளி போயிற்று. நாலு நாள் பிற்பகல் போனால், ஐந்தாம் நாள் காலையும் போகும். ஆசிரியர் பதிவேட்டிலே குறி இடுகிறார். மேதாவி அந்தக் குறியைப் பார்த்து அக்கறையின்மை என்கிறார். அந்தத் தாயின் நடையை நம்மவர் கண்டனர். அவர் குறியை மட்டும் கண்டார்.

1953 இலே, பெற்றோருக்கும் பிள்ளையின் கல்விக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆட்சியிலிருந்தோருக்கே ஒரு பெரிய கவலை பிறந்தது. முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளிலே பாடவேளையைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளை தந்தையோடு இருந்து தந்தையின் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் போட்டார். பெற்றோரைக் கல்வியிலே பங்குபெறச் செய்வதாகத்தான் அதற்கும் பெயர்! சலவைத் தொழிலாளியின் மகன் துறைக்குப் போகட்டும், குயவர் மகன் சக்கரத்தைச் சுற்றட்டும், தோட்டியின் மகன்? அதைச் சொல்ல நா எழவில்லை அவர்களுக்கு. தந்தையைப் பள்ளிக்கு அழைக்கவில்லை அந்தத் திட்டம். பிள்ளையைத் தந்தையிடம் திருப்பி அனுப்பியது. குலக்கல்வித் திட்டம் என்று நாடே அதற்குப் பெயர் சூட்டியது. பெரியாரின் படை ஒருபுறம், அண்ணாவின் மும்முனைப் போராட்டம் மறுபுறம். 1954 ஏப்ரலிலே ஆட்சித் தலைமை மாறி, காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அதே 1954 இலே பொதுக் கல்வி இயக்குநர் நாற்காலியிலே சுந்தரவடிவேலு அமர்ந்தார். சுயமரியாதைக்காரர் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த நியமனம். காமராசரின் கட்சியை நாம் எதிர்த்தோம். 1957 தேர்தலிலே எதிர்த்தோம். 1962 இலே எதிர்த்தோம். 1967 இலே வீழ்த்தினோம். ஆனால் யாரைக் கல்விக்குத் தலைவராக்குவது என்பதிலே அவர் காட்டிய துணிவை மறைத்துப் பேச நமக்கு மனம் வரவில்லை. மறைப்பவர் மறைக்கட்டும், நமது ஏடு மறைக்காது.

1951 இலே இந்த மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேர். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டிய பெற்றோரில் பெரும்பாலோர் எஞ்சிய 79 பேரிலேதான் இருந்தனர். அவர்களோ பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாதவர்கள். இவர்களிடம் போய்ப் பள்ளியிலே பங்கெடுத்துக்கொள் என்றால் என்ன பொருள்? தேர்வுத்தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்வதா? அவரிடம் கைநாட்டுத்தான் இருக்கிறது. வீட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்கச் சொல்வதா? இந்தக் கேள்விக்கு நெ.து.சு. கண்ட விடைதான் அவருடைய வாழ்வின் சாரம் என்று நாம் கருதுகிறோம்: படிக்காத பெற்றோரிடமும் பள்ளிக்குத் தரத்தக்க ஏதோ ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கு. வாங்கிய இடத்திலே உரிமையைக் கொடு.

முதலில் பகலுணவு. தியாகராயரின் ஓரணா, முப்பது ஆண்டு தூங்கி எழுந்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களைக் காமராசர் கண்டு, ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று வினவ, சோறு யார் போடுவார் என்று அவர்கள் திருப்பிக் கேட்டதாக நாடறிந்த கதை ஒன்று உண்டு. கதை எப்படியாயினும், கணக்குப் பார்த்தவர்கள் கையை விரித்தார்கள். பணமில்லை. அப்போதுதான் ஊராரையே கேட்பது என்று வழி பிறந்தது. 1956 இலே எட்டயபுரத்துப் பக்கம் ஊர்மக்களின் பொருளைக் கொண்டே உலை வைக்கப்பட்டது. ஊர் ஊராகப் பரவிய பின், 1957 இலே அரசாங்கம் பங்கேற்றது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குப் பத்துக் காசு. அதிலே ஆறு காசு அரசாங்கத்தினுடையது, நாலு காசு ஊராருடையது.

நாலு காசு! சிரிக்கலாம் இன்று. ஆனால் அந்த நாலு காசு பணமாக வரவேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தவில்லை. பிடி அரிசியாக வந்தது, முருங்கைக்கீரையாக வந்தது, விறகாக, பூசணிக்காயாக, வடிக்கும் கையாக வந்தது. கைநாட்டுக்காரத் தாய் பள்ளிக்கூடத்து வாசலுக்கு முதன்முதலாக வந்தது எதற்கு? பிள்ளையை அடித்த ஆசிரியரிடம் அழுது முறையிட அல்ல. அரிசி அளந்து கொட்ட. அரிசி கொட்டியவள், உள்ளே எட்டிப் பார்க்காமல் போவாளா? என் பிள்ளை எங்கே, ஏன் கடைசியிலே உட்கார வைத்தாய் என்று கேட்காமல் போவாளா? இதுதான் பங்கு. அவளை எண்ணிக்கொண்டுதான் தலைப்பிலே பங்காளி என்ற சொல்லைப் போட்டோம்.

அடுத்தது கடம்பத்தூர்.

கூரைக் கொட்டகையிலே பள்ளி. கரும்பலகை வெளுத்துப்போய்ச் சாம்பல் பலகையாகிவிட்டது. மணி என்று தொங்குவது தண்டவாளத் துண்டு. உலகப்படம் இல்லை, தண்ணீர்ப் பானை இல்லை, சுற்றுச்சுவர் இல்லை. ஆடு வந்து வகுப்பிலே நிற்கும். இது ஒரு பள்ளியல்ல, அன்று நாட்டுப்புறம் முழுவதும் இதே காட்சி. அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை கழிந்துவிடும். கடம்பத்தூர் வட்டாரத்திலே ஒரு சோதனை தொடங்கினார் இயக்குநர். ஆசிரியர்களும் கல்வி அலுவலர்களும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, இந்தப் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் எழுத வேண்டும். நாற்காலி எத்தனை, சிலேட்டு எத்தனை, பகலுணவுக்குத் தட்டு எத்தனை, இல்லாத பிள்ளைக்குச் சட்டை எத்தனை, கொட்டகைக்கு ஓடு எவ்வளவு. பட்டியல் ஊரிலே படிக்கப்படும். நான் கரும்பலகை என்பார் ஒருவர். நான் மணி என்பார் இன்னொருவர். பொருளில்லாதவர் நான் இரண்டு நாள் மண் சுமக்கிறேன் என்பார். பிறகு ஒருநாள் ஊரெல்லாம் திரண்டு மாநாடு. கொடுத்தவர் கையாலேயே பொருள்கள் பள்ளிக்குப் போய்ச் சேரும்.

பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று அதற்குப் பெயர். கடம்பத்தூரிலே 1958 இல் நடந்த அந்த மாநாட்டைப் பின்பற்றி, சில ஆண்டுகளுக்குள் மாநிலமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகள் நடந்தன. கோடிக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள பொருளும் நிலமும் கட்டடமும் பள்ளிகளுக்கு வந்தன. வேறு மாநிலத்தார் வந்து பார்த்துப் போயினர். முந்நூறு பேர் வாழும் சிற்றூருக்கும் பள்ளி என்ற அளவுக்குப் பள்ளிகள் பெருகின. 1951 இல் 21 ஆக இருந்த படித்தவர் விழுக்காடு 1961 இல் 31 ஆயிற்று.

திருவிழாவுக்குத் தேர் இழுக்கக் கூடிய ஊர், பள்ளிக்கூடத்துக்காகக் கூடியது. ஒரு பகுத்தறிவாளர், கடவுள் பெயரைச் சொல்லாமலே தேர் இழுத்துக் காட்டினார் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது, வாழ்த்துமடல் ஆகிவிடும். நன்கொடையிலே ஒரு நச்சும் உண்டு. ஊரிலே யாரிடம் இருக்கிறதோ அவர்தான் கட்டடம் கட்டித் தருவார். கல்லிலே பெயர் வெட்டிக்கொள்வார். அவருடைய மாட்டை மேய்க்கும் பையனோ அந்தக் கட்டடத்தின் நிழலிலேதான் நிற்பான், உள்ளே போக மாட்டான். வசதியுள்ள ஊர் நாலு காசை நாள்தோறும் கட்டும்; வானம் பார்த்த ஊரிலே அறுவடை தவறினால் உலையும் தவறும். சேரிப் பிள்ளைக்கு எந்த வரிசையிலே இலை என்ற கேள்வி, ஊராரின் கையிலே பொறுப்பை விடும்போதெல்லாம் எழும். எழாது என்று நம்புகிறவன் இந்த நாட்டு ஊரைப் பார்க்காதவன். ஆகவே, ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்று அரசாங்கம் கையைக் கழுவ இந்த வரலாற்றைச் சான்று காட்டுவாரானால், அது புரட்டு. ஆறு காசு முதலில், நாலு காசு பிறகு. பெரும்பங்கு அரசாங்கத்தினுடையது என்பதை நெ.து.சு. மாற்றவில்லை. பின்னாளிலே முழுச்சுமையையும் அரசாங்கமே தாங்க வந்தது சரியே. 1982 இலே எம்.ஜி.ஆர். ஆட்சியின் சத்துணவு, 1989 இலே கலைஞர் ஆட்சியிலே முட்டை சேர்ந்தது, 2022 இலே காலைச் சிற்றுண்டி என்று அந்த உலை அணையவில்லை.

அவருடைய எஞ்சிய பதவிகளை விரைந்து சொல்லிவிடுகிறோம். 1961 இலே பத்மசிறீ விருது. சில ஆண்டு தில்லியிலே நடுவண் கல்வி அமைச்சகப் பணி. 1969 இலே சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இருபத்தேழு ஆண்டு இலட்சுமணசாமி முதலியார் வீற்றிருந்த இருக்கையிலே, கலைஞர் ஆட்சியின்போது நெய்யாடுபாக்கத்து உழவர் மகன் அமர்ந்தார். 1975 வரை இருந்தார். சோவியத்து நாட்டுக்குச் சென்று வந்து எழுதினார்; பெரியாரைப் பற்றி எழுதினார்; தன் வரலாற்றை நினைவு அலைகள் என்று பெருநூலாக எழுதி வைத்தார். 1993 ஏப்ரல் 12 ஆம் நாள் மறைந்தார்.

துணைவேந்தர் பதவியைக் காட்டிலும் கடம்பத்தூர் மாநாடே பெரிது என்பது நமது துணிபு. துணைவேந்தர் நாற்காலிக்கு ஆள் எப்போதும் கிடைப்பார்கள். கைநாட்டுக்காரத் தாயைப் பள்ளிக்கூடத்துக்குள் மதிப்போடு அழைத்துவரத் தெரிந்த அதிகாரி எத்தனை பேர் கிடைத்தார்கள்?

கடம்பத்தூர் ஒன்றியத்திலேயே கீழச்சேரி என்று ஓர் ஊர். 2024 சூலை 15 ஆம் நாள், காமராசர் பிறந்த நாளிலே, ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலைச் சிற்றுண்டியை விரிவாக்கும் விழாவை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கேதான் தொடங்கி வைத்தார். 1958 இன் மாநாட்டுக்கும் 2024 இன் விழாவுக்கும் இடையே அறுபத்தாறு ஆண்டு. வட்டாரம் அதுவே. ஆறு காசு முழுவதும் வந்துவிட்டது, மகிழ்ச்சி. நமது கேள்வி அந்த நாலு காசைப் பற்றி.

காசைக் கேட்கவில்லை, தோழர்களே. தந்தையின் காலடி பள்ளிக்கூட வாசலிலே படுவதைக் கேட்கிறோம். இன்று அதற்குச் சட்டமே இருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு வேண்டும் என்றது. அதிலே நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 2022 இலே தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்துப் பெற்றோரைத் திரட்டினார்கள். வராத பிள்ளை யார், ஏன் வரவில்லை, யார் வீட்டுக்குப் போய் அழைத்துவருவது என்பதெல்லாம் அந்தக் குழுவின் வேலை. அன்று இங்கிலாந்திலே அபராதச் சீட்டோடு வந்தான் அலுவலன். இன்று நம் தெருவிலே பக்கத்து வீட்டுத் தாய் வருகிறாள், என்ன கண்ணு, ரெண்டு நாளா காணோமே என்று. எது பிள்ளையை எழுப்பும்?

ஆனால் கூட்டத்துக்கு யார் போகிறார்கள்? தாய்மார்கள் போகிறார்கள், அரைநாள் கூலியை இழந்து. தந்தைமார்? கட்சிக்கூட்டத்துக்கு இரவு பதினொன்று வரை நிற்கும் நம் தோழன், சுவரொட்டிக்குப் பசை காய்ச்சும் நம் தோழன், மகள் எந்த வகுப்பிலே படிக்கிறாள் என்று கேட்டால் விரலை மடக்கி எண்ணுகிறான்! இதைச் சொல்ல நமக்கே வெட்கமாக இருக்கிறது. நம்மவரைக் குத்திக்காட்ட அல்ல. நாமும் அந்த வரிசையிலே நின்றவர்கள்தாம்.

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். தந்தை மண் மிதிக்கிறான், தாய் அச்சிலே வார்க்கிறாள், காய்ந்த கல்லைப் பிள்ளை புரட்டிப் போடுகிறது. மொழி தெரியாத ஊர். முன்பணம் தீரும் வரை அசைய முடியாத நிலை. அந்தத் தந்தையை எந்தக் குழுவிலே உட்கார வைப்பது? நூறு ஆண்டுக்கு முன்னே ஆயிரம்விளக்கிலே நம்மவர் பிள்ளையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் இன்று ஒடிசாக்காரன் பிள்ளையைப் பற்றி நம்மவரில் சிலரே சொல்லக் கேட்கிறோம். அவர்களுக்கு அக்கறை கிடையாதாம்! நேற்று நம் தாத்தாவுக்கு எழுதிய தீர்ப்பை இன்று நம் கையாலேயே படியெடுத்து அவனுக்குக் கொடுக்கலாமா? சூளைக்கு அருகிலுள்ள பள்ளியின் குழுவிலே நம் தோழர் ஒருவர் இருந்தால், அந்தப் பிள்ளைகளின் பெயர் பதிவேட்டிலே இருக்கிறதா என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

இன்னொன்று, ஆலைத் தோழர்களுக்கு. பள்ளி மேலாண்மைக் குழு மாதந்தோறும் பள்ளி நேரத்திலேயே, வெள்ளிக்கிழமைப் பிற்பகல் போன்ற வேளையிலே கூடுவது வழக்கமாகியிருக்கிறது. அம்பத்தூரிலோ கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலோ அந்த நேரத்தில் பொது ஷிப்டு முடிந்திருக்காது. நெ.து.சு. காலத்து உழவன் மண்வெட்டியை வரப்பிலே சாய்த்துவிட்டு மாநாட்டுக்கு வந்தான். எந்திரத்தை வரப்பிலே சாய்க்க முடியாது. சம்பளத்தை இழந்துவிட்டு வா என்று தொழிலாளியை அழைக்க நமக்கு வாய் வரவில்லை. போனசுக்கும் பஞ்சப்படிக்கும் கோரிக்கைப் பட்டியல் எழுதுகிறோம். குழுவிலே உறுப்பினராக இருக்கும் தொழிலாளிக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், மாதத்திலே ஒரு பிற்பகல் இரண்டு மணி நேரம் சம்பளத்தோடு அனுமதி என்று அதிலே ஒரு வரி சேர்த்தால் என்ன? இரண்டு மணி நேரந்தான். காலை ரயிலிலே ஏறும் தோழர்களும், அதே காலையில் எதிர் மேடையில் இறங்கும் தோழர்களும் சங்க அலுவலகத்திலே கலந்து பேசி, அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு முன்னே அந்த வரியை எழுதட்டும்.